வாலில் சக்கரம் உள்ள விமானம்

2025 நவம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு சிறிய பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதன் மூக்கின் கீழ் ஒரு சக்கரமும் அதற்குப் பின்னால் இரு பெரிய சக்கரங்களும் இருந்தன. ஆனால் முன்பு நம் நாட்டுப் பயிற்சிக் கழகங்களில் பறந்த 'புஷ்பக்' விமானத்திற்கு மூக்குச் சக்கரம் கிடையாது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்து, 1958-ல் முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால். சிறு சக்கரம் வாலின் அடியில். இத்தகைய விமானத்தைத் தரையில் நேராக ஓடவிடுவது எளிதன்று. ஏன்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பலகையின் ஒரு முனையில் அச்சில் கோத்த இரு சக்கரங்களைப் பொருத்துங்கள். மறுமுனையின் அடியில், சுழல் நாற்காலியின் காலில் இருப்பது போன்ற, எப்பக்கமும் திரும்பும் சிறு சக்கரத்தை வையுங்கள். நடுவில் ஒரு செங்கல். அச்சுச் சக்கரங்கள் பின்னால் இருக்குமாறு தள்ளிவிட்டால் வண்டி நேராக ஓடும். அவை முன்னால் இருக்குமாறு தள்ளினாலோ, சிறிது தூரத்தில் கோணி, சட்டென்று திரும்பிவிடும்!

காரணம் இதுதான். விமானத்தின் மூக்கு சற்று இடப்பக்கம் திரும்பியதாகக் கொள்வோம். நிலைமத்தினால் அதன் ஈர்ப்பு மையம் பழைய திசையிலேயே செல்ல முயலும். பக்கவாட்டில் வழுக்காமல் தடுக்கும் உராய்வு, பெரிய சக்கரங்களை இடப்பக்கம் இழுக்கும். சக்கரங்கள் ஈர்ப்பு மையத்திற்குப் பின்னால் இருந்தால் இவ்விழுப்பு மூக்கை நேராக்கும். முன்னால் இருந்தால் மேலும் திருப்பும். பிழை பிழையை வளர்க்கும்! முடிவில் விமானம் வட்டமடித்து, வெளிப்பக்க இறக்கை தரையில் உரசும். சக்கரக் கால் ஒடிவதும் உண்டு. இதனை 'கிரவுண்ட் லூப்' என்பர்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே! அக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது, ஏறத்தாழ வடக்கு தெற்காகச் செல்லும் திருச்சிச் சாலையில் அது பக்கக் காற்றாகும். அது நிமிர்ந்த வால் சிறகைத் தள்ளி, மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பும். பழைய புல்தரை நிலையங்களில் காற்றை எதிர்நோக்கியே இறங்க முடிந்தது. குறுகிய ஓடுபாதையில் அவ்வசதி இல்லை.

வேகம் குறையக் குறைய, வாலிலுள்ள சுக்கானின் மீது பாயும் காற்றும் குறைந்து, அதன் ஆற்றல் நலிவடைகிறது. எனவே ஆபத்து மிகுவது தரையைத் தொட்ட பிறகே. விமானி தொலைவில் நேராக நோக்கி, மூக்கு அசைந்தவுடன் மிதியைச் சிறிதளவு அழுத்தி, உடனே விட வேண்டும். தாமதித்தால் எதிர்ப்பக்கத் தடையையும் பயன்படுத்த நேரும். சக்கரங்கள் முழுதும் நிற்கும் வரை கால்கள் ஓயலாகாது!