ஆய்வாளர் வெளியேறினால் ஆய்வு என்னாகும்?

யங்கோன் நகரின் கியாக்டடாப் பகுதியில், சுலே பகோடாவைச் சுற்றியுள்ள தெருக்களில், 2021 பெப்ரவரியில் திரண்ட மக்களிடையே வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இருந்தனர். அம்மாதம் முதலாம் திகதி நிகழ்ந்த இராணுவச் சதியை எதிர்த்துப் பணியைப் புறக்கணித்தவர்கள் அவர்கள். மே மாதத்திற்குள் 11,000க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஊழியர்கள் இடைநிறுத்தப்பட்டதாக ஆசிரியர் அமைப்பொன்று தெரிவித்தது. அவர்களில் ஒருவர் உயிர்மருத்துவப் பொறியியலாளர் என்று வைத்துக்கொள்வோம். அவரது ஆய்வு என்னாகும்? எமக்கு அந்நியமான கேள்வியல்ல இது.

கலாநிதிப் பட்டத்திற்குப் பின்னரான ஆய்வுப் புலமைப்பரிசில் பெரும்பாலும் மூன்று தரப்புகளில் தங்கியிருக்கிறது: பணம் வழங்கும் அமைப்பு, ஆய்வாளரை ஏற்கும் நிறுவனம், ஒத்துழைக்கும் வெளிநாட்டு ஆய்வுகூடம். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் 2008இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில், விண்ணப்பதாரியை ஏற்க இந்திய நிறுவனம் ஒன்று முன்வர வேண்டும். கணக்குக் காட்டுவதும் அறநெறிக் குழுவின் அனுமதி பெறுவதும் நிறுவனத்தின் வழியாகவே நடப்பதால், இவ்விதி நியாயமானதே. ஆனால் நிறுவனமே ஆய்வாளரை வெளியே தள்ளும்போது, இதே விதி அவரைக் கைவிட்டுவிடுகிறது.

கணிதவியலாளர் தன் குறிப்பேட்டுடன் எல்லை கடக்கலாம். மருத்துவக் கருவி செய்பவருக்கு நோயாளியும் விடுதியும் தாதியும் வேண்டும். ஓர் உதாரணம்: வைவாக்ஸ் மலேரியாக் கிருமி ஈரலில் மறைந்திருந்து மீண்டும் காய்ச்சலைத் தருவது. அதை அழிக்கும் பிரைமாகுயின் மருந்து, ஜி6பிடி என்னும் நொதியம் குறைந்தவர்களின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியது. ஆகவே மருந்து கொடுக்குமுன் ஒரு துளி இரத்தத்தில் அந்நொதியத்தை அளக்கும் சிறு கருவி தேவை. அக்கருவியை வெப்பமும் ஈரமும் மிகுந்த கிராமத்தில், சாதாரண சுகாதாரப் பணியாளரின் கையிலேயே சோதித்தாக வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகூடம் இதற்கு ஈடாகாது.

இத்தகைய கருவிகள் சோதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று, அகதி முகாமில் பிறந்த ஆய்வு நிலையம். தாய்லாந்து எல்லையில், கரென் அகதிகள் வாழ்ந்த சொக்லோ முகாமில், பிரான்சுவா நொஸ்ரன் 1986இல் அதைத் தொடங்கினார். பாங்கொக்கின் மஹிடோல் பல்கலைக்கழகமும் ஒக்ஸ்போர்ட்டும் வெல்கம் அறக்கட்டளையும் 1979இல் ஏற்படுத்திய கூட்டமைப்பே அதன் பின்பலம். அகதிகளிற் பலர் அங்கு தாதியராகவும் ஆய்வுகூடப் பணியாளராகவும் பயிற்சி பெற்றனர். முகாம் பின்னர் இல்லாமற் போயிற்று. நிலையம் மே சொட் நகரை மையமாகக் கொண்டு தொடர்ந்தது.

அகதியின் உடல் பிறரது ஆய்வுப் பொருளாகிவிடாதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆய்வுகள் குறித்துச் சமூகத்தவர் கருத்துரைக்கும் குழுவொன்று 2009இல் அங்கு அமைக்கப்பட்டது. இது நல்ல தொடக்கம். ஆயினும் கருத்துரைப்பது வேறு, எதை ஆராய்வது என்று தீர்மானிப்பது வேறு. அந்த இரண்டாவது உரிமை, துரத்தப்பட்ட ஆய்வாளர்களும் தலைமை ஆய்வாளராகும்போதுதான் கைகூடும்.

நாசிகளால் பதவி நீக்கப்பட்ட அறிஞர்களுக்காக 1933இல் பிரித்தானியாவில் தோன்றிய உதவிச் சபை, வேறு பெயரில் இன்றும் தனிநபர்களுக்கு இடம் தேடித் தருகிறது. அது உயிரைக் காக்கிறது. ஆனால் ஆய்வாளரை அவரது நோயாளிகளிடமிருந்து தூரமாக்குகிறது. எனவே நான் முன்வைப்பது இதுதான்: புலமைப்பரிசில் நிறுவனத்தோடு நின்றுவிடாமல் ஆளைப் பின்தொடர வேண்டும், அவர் தன் மக்களுக்கு அருகிலேயே, எல்லையோரத்தில், பணியைத் தொடர வழி இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டிய காலம், நிறுவனம் உறுதியாக நிற்கும் காலமே.