அந்நியர் அறையிலிருந்து குடும்பக் குழுவுக்கு

2001 வாக்கில் திருச்சியிலோ நாகர்கோவிலிலோ முதல் தடவையாகச் சாட் செய்ய உட்கார்ந்தவர் அநேகமாகக் கல்லூரி மாணவராக இருப்பார். இல்லையென்றால் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்தவர். இன்று நம் வீடுகளில் புதிதாகச் சாட் பழகுகிறவர்கள் யார் என்று பாருங்கள். அம்மா, மாமனார், ஊரில் தனியாக இருக்கும் பெரியம்மா. தொடக்கநிலையில் நிற்கிறவர் மாறிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை மட்டும் நாம் எங்கோ விட்டுவிட்டோம்.

அன்று சாட் செய்ய ஓர் இடத்துக்குப் போகவேண்டும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30, 40 ரூபாய் வாங்கினார்கள்; தெருவுக்கு இரண்டு கடை வந்ததும் அது 20, 15 என்று இறங்கியது. ஒரே தொலைபேசி இணைப்பை ஐந்தாறு கணினிகள் பங்குபோட்டுக்கொள்ளும். யாகூ மெசஞ்சரின் மஞ்சள் சிரிப்பு முகம் திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடை அண்ணனோ உடன் வந்த நண்பனோ பக்கத்தில் நின்று முதலில் ஓர் ஐடி உண்டாக்கித் தருவார்கள். நம் பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்திருப்பார்கள். பிறந்த வருடத்தையோ பிடித்த நடிகரின் பெயரையோ பின்னால் ஒட்டுவோம். பெண்கள் பலர் ஆணா பெண்ணா என்று தெரியாத பெயராகத் தேடி வைத்துக்கொண்டார்கள். நம்மைப் பற்றி எவ்வளவு வெளியே காட்டுவது என்பதை, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அங்கே முடிவு செய்தாக வேண்டும். அதை ஒரு நல்ல பாடமாகவே நினைக்கிறேன்.

பிறகு அறை. நாடு, நகரம், விருப்பம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஓர் அறை நிறைந்தால் இரண்டாம் எண், மூன்றாம் எண் போட்டு இன்னொன்று திறக்கும். உள்ளே போனதும் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஏஎஸ்எல். வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர். ஈப்போவிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜாவில் வேலை பார்க்கும் இராமநாதபுரத்துக்காரர் என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டு பலர் வருவார்கள். வெளிநாட்டுக்கு ஒரு நிமிடம் போன் பேசுவதே பெரிய செலவாக இருந்த காலத்தில், 20 ரூபாயில் ஒரு மணி நேரம் உலகத் தமிழரோடு பேச முடிந்தது. சிறு நகரத்து இளைஞருக்கு அது எவ்வளவு பெரிய திறப்பு என்பதை இப்போது பிறந்தவர்களுக்கு விளக்குவது கடினம்.

அந்த அறைகளின் ஒழுக்கம் யாகூவுக்கும் முந்தியது. 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் ஐஆர்சி என்ற அரட்டை முறையை எழுதினார். புதிதாக வருகிறவர் முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்க வேண்டும். முழுவதும் பெரிய எழுத்தில் தட்டினால் கத்துவதாக அர்த்தம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். இவையெல்லாம் அங்கே நிலவிய வழக்கங்கள். எந்தப் பள்ளியும் இவற்றைக் கற்றுத்தரவில்லை. தவறு செய்தவருக்கு அறையில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித் திருத்தினார். கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்புவதும் பழக்கமாக இருந்தது. கடைக்காரர் நேரம் பார்த்துக் குரல் கொடுத்துவிடுவார். எழுந்து வந்தால் சாட் முடிந்தது.

அந்தக் காலத்தை நான் வெள்ளையடிக்க வரவில்லை. பெண் பெயர் என்று தெரிந்த நொடியில் தனி ஜன்னல்கள் வரிசையாகத் திறந்துகொள்ளும், பாதி ஆபாசம். சிறுவர்களைத் தவறான நோக்கத்தோடு அணுகும் அறைகள் இருந்தது வெளியே வந்த பிறகு, 2005இல் பயனர்களே உண்டாக்கும் அறைகளை யாகூ மூடியது. காதல் பேசிப் பணம் பறித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனாலும் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: எதிரில் இருப்பவர் அந்நியர். பேருந்து நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசிக்கொண்டே பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வோமே, அந்த எச்சரிக்கை இயல்பாகவே இருந்தது.

எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. 2011இல் வந்த மத்திய அரசின் விதிகள், பிரவுசிங் சென்டரில் அடையாள அட்டை கேட்கவும் தடுப்புகளை நாலரை அடிக்கு மேல் உயர்த்தாமல் வைக்கவும் சொன்னபோது, கடைகளே குறையத் தொடங்கியிருந்தன. யாகூவின் பொது அறைகள் 2012 டிசம்பரிலும் மெசஞ்சர் 2018 ஜூலையிலும் மூடப்பட்டன. 1996இல் தொடங்கிய ஐசிக்யூ என்ற அரட்டைச் செயலி 2024 ஜூன் வரை உயிரோடு இருந்தது. நடுவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டாவின் விலை விழுந்தது. ஸ்மார்ட்போன் சமையலறைக்குள் வந்தது.

இன்று பெரியம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுக்கிறோம். வாட்ஸ்அப்பைப் போடுகிறோம். ஆறு இலக்க எண் வருகிறது. நாமே பார்த்து நாமே தட்டுகிறோம். "இந்தாங்க, இதை அமுக்கினா பேசலாம், இதை அமுக்கினா போட்டோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். அன்று மாலைக்குள் அவர் மூன்று குடும்பக் குழுக்களில் இருக்கிறார். பெயர் தேர்வு இல்லை, கதவு இல்லை, ஓரமாக நின்று பார்க்க நேரம் இல்லை. போன் நம்பர்தான் ஐடி. அந்த நம்பர் பால்காரர், வங்கி, ரேஷன் கார்டு என எல்லா இடத்திலும் இருக்கிறது.

அவருக்குக் கிடைத்தது சிறிய விஷயம் இல்லை. 2000இல் கணினியில் தமிழ் எழுதுவதே போராட்டமாக இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ் 99 விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டும், ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம் என்றே நிலைமை இருந்தது. நான் அனுப்பியது உங்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள், பின்னர் கைப்பேசிக்கு வந்த செல்லினம், எல்லாவற்றுக்கும் மேலாக யூனிகோடு, இவற்றின் உழைப்பில்தான் இன்று யாரும் எதையும் நிறுவாமல் தமிழில் எழுத முடிகிறது. எழுத வராதவருக்குக் குரல் பதிவு இருக்கிறது. அஞ்சல் அட்டை எழுதவும் இன்னொருவரை நாடிய ஒரு பெண்மணி, மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு டொரண்டோவில் இருக்கும் மகளிடம் குழம்புக்கு எவ்வளவு புளி என்று சொல்கிறார். மகள் அதைக் காலையில் எழுந்து கேட்டுப் பதில் சொல்கிறாள். ஐஆர்சியிலும் யாகூவிலும் இவருக்கு இடமே இருந்ததில்லை. அவரை உள்ளே சேர்த்ததற்காகவே இந்தக் காலத்தை நான் அன்றையதைவிட உயர்வாக மதிப்பேன்.

அதனாலேயே அடுத்தது வருத்தமாக இருக்கிறது. பெரியம்மாவின் போனில் இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். ஆகவே வருகிறவர்களும் தெரிந்தவர்கள் என்று அவர் நம்புகிறார். "சித்தி, நான்தான். இது என் புது நம்பர். அவசரமா ஒரு உதவி" என்று செய்தி வரும். முகப்பில் அக்காள் மகனின் படமே இருக்கும். அது யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டக்கூடிய படம். கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது போனுக்குள் புகும் செயலி. "தெரியாமல் உங்க நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன், சொல்லுங்க" என்பார்கள்; அந்த ஆறு இலக்கத்தைச் சொன்னால் அவருடைய கணக்கு இன்னொருவர் போனுக்குப் போய்விடும், அடுத்து அவர் பெயரிலேயே உறவினர்களிடம் பணம் கேட்கப்படும். அன்று ஏமாற்றுகிறவர் அந்நியராக வந்து நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இன்று சொந்தக்காரராகவே வருகிறார்.

ஏமாந்தவரைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா" என்று கேட்கிறோம். யார் சொல்லிக்கொடுத்தோம்? அதோடு, ஒரு தடவை அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த தடவை நடந்ததை நம்மிடம் சொல்லவே மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள்; அதற்கான ரகசிய எண்ணை அவரே தேர்ந்தெடுக்கட்டும். போனையும் அவர் கையிலேயே இருக்கவிடுங்கள். பிரைவசியில் முகப்புப் படத்தையும், குழுவில் யார் சேர்க்கலாம் என்பதையும் மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றுங்கள். புது நம்பரில் யார் பணம் கேட்டாலும் பழைய நம்பருக்குப் போன் செய்து குரலைக் கேட்ட பிறகுதான் எதுவும் என்று பழக்குங்கள். நீல டிக் வந்தும் பதில் வராவிட்டால் கோபம் என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காக மனம் உடைகிற பெரியவர்கள் நிறைய. பணம் போய்விட்டால் தயங்காமல், வெட்கப்படாமல், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இணையக் குற்றப் பண இழப்புக்கென்றே இயங்கும் உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வங்கியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.