தடித்த மேட் எல்லாம் நல்ல மேட்டா?

உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடையில் யோகா மேட் கேட்டால், "எத்தனை எம்.எம். சார்?" என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. "நல்ல தடிமனா, மெத்துன்னு இருக்கிறதா பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். கடைக்காரரும் 10 அல்லது 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சுருளை எடுத்து நீட்டுவார். விரலால் அழுத்தினால் பொதபொதவென்று உள்வாங்கும், வாங்குபவருக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்து அதன்மேல் ஒற்றைக் காலில் விருட்சாசனம் நின்றால் கணுக்கால் ஆடும். நாலு தண்டால் எடுப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கும். உடம்புக்குத்தான் பழக்கமில்லை என்று நினைத்து மேட்டைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். பல வீடுகளில் குற்றவாளி உடம்பு அல்ல, மேட்தான்.

கையால் அழுத்திப் பார்த்து மேட் வாங்குவது தலையணைக்குச் சரி, உடற்பயிற்சிக்குச் சரிவராது. நீங்கள் என்ன பயிற்சி செய்கிறீர்கள், அப்போது உடம்பின் எந்தப் பகுதி தரையைத் தொடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நம் வீட்டுத் தரையைப் பார்ப்போம். காங்கிரீட் தளம், அதன்மேல் சிமென்ட் கலவை, அதற்கும் மேல் டைல்ஸோ கிரானைட்டோ மொசைக்கோ இருக்கும். இதில் எதுவும் அமுங்காது. குளிர்நாடுகளில் மரப்பலகைத் தரையும் கம்பளம் விரித்த தரையும் சகஜம். அங்கிருந்து வரும் ஆலோசனைகள் அந்தத் தரைகளை நினைத்துச் சொல்லப்பட்டவை. மரப்பலகைமேல் போதுமானதாக இருக்கும் 3 மி.மீ. மேட், விட்ரிஃபைட் டைல்ஸ்மேல் முழங்கால் ஊன்றினால் போதவே போதாது.

அப்படியானால் தடிமனாக வாங்குவதுதானே சரி? அங்கேதான் சிக்கல். குதித்து இறங்கும்போது உடம்பின் வேகம் நின்றாக வேண்டும். அது எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே எலும்பிலும் மூட்டிலும் ஏறும் விசை கூடும் அல்லது குறையும். சிமென்ட் தரையில் சட்டென்று நிற்கிறது. ஃபோம் கொஞ்சம் அமுங்கிக்கொடுத்து அந்த நேரத்தை நீட்டுகிறது. ஆனால் காற்று நிறைந்த இளகிய ஃபோம், ஆள் ஏறி நின்றதுமே குதிகாலுக்கு அடியில் சப்பிப்போய்விடும். அதன் பிறகு அமுங்க மிச்சம் எதுவும் இல்லை. அடியில் இருப்பது அதே டைல்ஸ். அட்டையில் போட்டிருக்கும் 15 மி.மீ. என்பது ஆள் ஏறாதபோது உள்ள கணக்கு. அடர்த்தியான 5 மி.மீ. ரப்பர், பொதபொதவென்ற 12 மி.மீ. ஃபோமைவிட நன்றாகத் தாங்குவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1970-களில் தாமஸ் மக்மேகன், பீட்டர் கிரீன் என்ற இருவர் ஓட்டத் தடங்களை ஆராய்ந்தார்கள். மெத்தை போன்ற மிக இளகிய பரப்பில் ஓடவிட்டபோது ஓட்டக்காரர்களின் வேகம் வெகுவாகக் குறைந்தது. விறைப்பும் இல்லாமல் தளர்வும் இல்லாமல், ஓடுபவரின் காலுக்கு ஏற்ற அளவில் நெகிழும் உள்ளரங்கத் தடம் ஒன்று 1977-இல் அங்கே அமைக்கப்பட்டது. அதில் வேகம் 2 முதல் 3 சதவீதம் வரை கூடியது, காயங்களும் குறைந்தன. மென்மை கூடக் கூட நன்மை கூடும் என்பது இல்லை. ஓர் எல்லை வரை நல்லது, அதைத் தாண்டினால் கால் தன் பலத்தை எல்லாம் தடுமாறாமல் நிற்பதிலேயே செலவழிக்கும்.

எந்தப் பயிற்சிக்கு எது?

தண்டாலும் சூரிய நமஸ்காரமும் செய்பவர்கள் உள்ளங்கையைக் கவனிக்க வேண்டும். இளகிய மேட்டில் கையை ஊன்றினால், உடம்பின் எடை இறங்கும் உள்ளங்கையின் அடிப்பகுதி புதையும், விரல்கள் மேலே நிற்கும். ஏற்கெனவே பின்னோக்கி வளைந்திருக்கும் மணிக்கட்டு இன்னும் வளைகிறது. வலி அங்கே பிறக்கிறது. இதற்கு 4 முதல் 6 மி.மீ. வரையுள்ள, அடர்த்தியான மேட் போதும். முழங்காலை ஊன்றும் ஆசனங்களில் டைல்ஸ் உறுத்தினால், ஒரு துண்டை நாலாக மடித்து முழங்காலுக்கு மட்டும் கொடுங்கள். முழங்காலுக்காக மேட் முழுவதையும் தடிப்பாக்கினால் மணிக்கட்டுதான் விலை கொடுக்கும்.

பஸ்கி, தோப்புக்கரணம் போன்று நின்று செய்யும் பயிற்சிகளுக்கு மேட்டே தேவையில்லை. வழுக்காத தரை இருந்தால் வெறுங்காலோடு செய்யலாம். பளு தூக்குபவர்களைப் பாருங்கள். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கம் போன்றவர்கள் நின்று தூக்கும் மேடை 4 மீட்டருக்கு 4 மீட்டர். கால் அசையாத கெட்டியான பரப்பு. அவர்கள் போடும் ஷூவின் குதியும் அமுங்காத கெட்டியானது. தலைக்கு மேல் பாரம் இருக்கும்போது காலுக்கடியில் எதுவும் நெகிழக் கூடாது. வீட்டில் பத்துக் கிலோ டம்பெல்லோடு பஸ்கி எடுப்பவருக்கும் அதே விதிதான். தடித்த ஃபோம்மேல் நின்று பாரம் தூக்குவது முழங்காலையும் கணுக்காலையும் வம்புக்கு இழுப்பது.

மல்லாந்து படுத்துச் செய்யும் வயிற்றுப் பயிற்சிகள், முதுகெலும்பு தரையில் உருளும் பிலாட்டீஸ் போன்றவற்றுக்குத்தான் 10 மி.மீ. மேட் உண்மையில் உதவும். முதுகில் சதை குறைவானவர்களுக்கு மெல்லிய மேட்டில் ஒவ்வொரு எலும்பும் உறுத்தும். ஆனால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 15 மி.மீ. மேட்டைக் கூடத்தின் நடுவே விரித்தே வைக்காதீர்கள். அதன் விளிம்பு கால் தடுக்குவதற்கு ஏற்ற உயரம்.

கயிறு தாண்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டைல்ஸ்மேல் வெறுங்காலோடு தினமும் தாண்டினால் கெண்டைக்காலுக்கு முன்புறம், எலும்பை ஒட்டி வலி வரும். நல்ல ஷூ போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கூடவே கெட்டியான 6 முதல் 8 மி.மீ. ரப்பர் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. யோகா மேட்டில் ஷூவோடு தாண்டினால் ஒரே மாதத்தில் அது பிய்ந்து உதிரும்.

பெயர்களும் பொருள்களும்

மலிவாகக் கிடைப்பவை இ.வி.ஏ. ஃபோம் மேட்கள். எடை குறைவு, ஆயுளும் குறைவு. மெத்தென்று தடித்து வருபவை பெரும்பாலும் என்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் ஃபோம்; படுத்துச் செய்பவற்றுக்கு நல்லது, இழுத்தால் நீளும், நகம் பட்டால் கிழியும். பி.வி.சி. மேட் உழைக்கும், ஆனால் வியர்வை பட்டால் வழுக்கும், மக்காது. டி.பி.இ. நடுத்தரம், எடையும் விலையும் நடுத்தரம். இயற்கை ரப்பர் மேட்தான் பிடிப்பில் முதலிடம். நம் கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வடிக்கிறார்களே, அதே மரத்துச் சரக்கு. கனமாக இருக்கும், முதல் சில வாரங்கள் வாடை அடிக்கும், வெயில் பட்டால் வெடிக்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

பெயர்களில் குழம்பினால் தராசை நம்புங்கள். வழக்கமான மேட்டின் அளவு 61 செ.மீ. அகலம், 173 செ.மீ. நீளம். அந்த அளவில் 6 மி.மீ. ஃபோம் மேட் முக்கால் கிலோகூட வராவிட்டால் அதில் காற்றுதான் அதிகம். 4 மி.மீ. இயற்கை ரப்பர் மேட் அதைவிட வெகுவாகக் கனக்கும்.

பிடிப்பு என்பதில் இரண்டு இருக்கிறது. கைக்கும் மேட்டுக்கும் இடையில் ஒன்று, மேட்டுக்கும் தரைக்கும் இடையில் ஒன்று. ஒட்டிப் பிடிக்கும் யோகா மேட்டே அண்மைக் காலத்துச் சரக்கு. 1930-களில் மைசூர் அரண்மனையின் யோகசாலையில் டி. கிருஷ்ணமாச்சாரியா கற்பித்தபோது இப்படி ஒரு பொருளே கிடையாது. ஆஞ்செலா ஃபார்மர் என்ற ஆங்கிலேய யோகா ஆசிரியை 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், கம்பளம் நழுவாமலிருக்க அதன் அடியில் போடும் விரிப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன்மேல் ஆசனம் செய்தார். அவருக்குக் கையிலும் காலிலும் வியர்வை சுரக்காது. அதனால் வெறும் தரை வழுக்கியது. அந்தத் துண்டிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வியாபாரம்.

நம் ஊரில் பிரச்சினை நேர்மாறானது, வியர்வை வழிகிறது. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் பி.வி.சி. மேட்டின் மேற்பரப்பு பத்தே நிமிடத்தில் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். அதற்குப் பருத்தி விரிப்பு நல்ல மாற்று; ஈரம் பட்டால் பிடிப்பு கூடும். வீட்டில் பவானி ஜமுக்காளம் இருந்தால் ரப்பர் மேட்மேல் அதை விரித்துக்கொள்ளலாம். தனியாக டைல்ஸ்மேல் விரித்தால் அது ஆளோடு சேர்ந்து நழுவும். கோரைப்பாயும் அப்படித்தான். பிராணாயாமம், சவாசனம், உட்கார்ந்து செய்பவை எல்லாவற்றுக்கும் பத்தமடைப் பாய்க்கு நிகரில்லை. காற்றோட்டம் உண்டு, சூடு ஏறாது. தண்டாலுக்கும் குதிப்பதற்கும் அது ஆகாது.

குழந்தைகள் அறையில் போடும் பஸில் மேட்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இ.வி.ஏ. ஃபோம் தயாரிப்பில் பயன்படும் சில வேதிப்பொருள்களால் ஃபார்மமைடு என்ற பொருள் மேட்டில் தங்கி, மெல்ல மெல்லக் காற்றில் கசியும். கருவளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் கேடு செய்யக்கூடியது என்று ஐரோப்பா வகைப்படுத்தியிருக்கும் பொருள் அது. 2010 டிசம்பரில் பெல்ஜியம் இத்தகைய மேட்களை விற்பனையிலிருந்து விலக்கியது. பிரான்ஸும் விற்பனையை நிறுத்திவைத்தது. பிறகு பொம்மைகளில் இதன் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்தது. பிரித்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால், சில நாள் காற்றாட விரித்துவைத்த பிறகு குழந்தையை விடுங்கள். அப்போதும் நெடி போகாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓர் அறையையே ஜிம் ஆக்குவதென்றால்

இதற்கு மேட் போதாது, தரை விரிப்பு வேண்டும். பழைய டயர்களைத் துகளாக்கிப் பசையிட்டு அழுத்திச் செய்த ரப்பர் டைல்கள்தான் ஜிம்களில் பார்க்கும் கறுப்புத் தரை. டம்பெல், சைக்கிள் மட்டும் என்றால் 8 முதல் 10 மி.மீ. போதும். பார்பெல்லைத் தரையில் வைத்து எடுப்பவர்களுக்கு 20 மி.மீ. அல்லது அதற்கு மேல். 10 மி.மீ. ரப்பர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ கனக்கும். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறும் ஆளுக்குக் கூலியையும் கணக்கில் வையுங்கள். ஒட்டுப் பசை வேண்டாம். அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். வாடகை வீட்டுக்காரர்கள் கவனிக்க: கறுப்பு ரப்பர் நாள்கணக்கில் கிடந்தால் வினைல் தரையில் பழுப்புக் கறை விழும், அது போகாது. வெளிர்நிற மார்பிள் என்றால் ரப்பருக்கு அடியில் ஒரு பழைய போர்வையாவது விரித்துவிடுங்கள்.

டிரெட்மில்லை மெத்தென்ற ஃபோம்மேல் ஏற்றாதீர்கள். கால்கள் புதைந்து இயந்திரம் ஒருபக்கம் சாயும். அடிப்பாகத்தில் காற்று போகும் வழியும் அடைபடும்.

அடுக்குமாடி வீடுகளில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது இன்னொரு தொல்லை. குதிக்கும் அதிர்வு காங்கிரீட் தளம் வழியாகவே இறங்குகிறது. யோகா மேட் 'டப்' என்ற கூர்மையை மழுக்கும், 'தொம்' என்ற அதிர்வை நிறுத்தாது. தடித்த ரப்பரும் ஓரளவுக்குத்தான். காலை ஐந்து மணிக்குக் கயிறு தாண்ட ஆசை என்றால் கீழே கார் நிறுத்துமிடம்தான் வழி. மொட்டை மாடியும் கடைசி மாடி வீட்டுக்காரரின் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

பராமரிப்பு அதிகமில்லை. வியர்வை பட்ட மேட்டை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, காய்ந்த பிறகு சுருட்டுங்கள். ஐப்பசி மழையில் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். பினாயில், டெட்டால் ஊற்றிக் கழுவினால் மேற்பரப்பு பொரிந்துபோகும். நீர்த்த சோப்புத் தண்ணீர் போதும். கையால் நிமிண்டினால் துகள் உதிர்ந்தாலோ, கால் வைக்கும் இடத்தில் நிரந்தரப் பள்ளம் விழுந்தாலோ மாற்ற வேண்டிய நேரம்.

பொதுவாக ஒரு தமிழ்நாட்டு வீட்டுக்கு 5 அல்லது 6 மி.மீ. தடிமனில் அடர்த்தியான மேட் ஒன்று, முழங்காலுக்கு மடித்த துண்டு, டம்பெல் வைக்க ஒரு கையகல ரப்பர் ஷீட், இவ்வளவு போதும். வாங்கும் முன் கடையின் டைல்ஸ் தரையிலேயே விரிக்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நில்லுங்கள், முழங்காலை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள், காலால் பக்கவாட்டில் தள்ளி நழுவுகிறதா என்று சோதியுங்கள். உறையைப் பிரிக்க விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.