துணைக்கு வந்தவருக்கும் சீட்டு போடுங்கள்

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் வளைகுடாவில். சிறுநீரகம் செயலிழந்த மாமனாரை வாரம் மூன்று நாள் ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது மருமகள். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம்; பஸ் பயணம் தனி. வீட்டுக்கு வந்தால் தண்ணீரை அளந்துதான் தரவேண்டும். 'இன்னும் ஒரு வாய் குடும்மா' என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்கிற பாவமும் மருமகள் தலையில்தான்.

நீண்டகால நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம். அது எப்போதும் அழுகையாக வருவதில்லை. 'தலை பாரமா இருக்கு', 'எதுக்கெடுத்தாலும் எரிச்சல் வருது' என்றும் வரும். மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதோடு சரி.

வெறும் அசதி என்றால் நன்றாகத் தூங்கினால் குறையும். படுத்தும் தூக்கம் வராமல், பசி கெட்டு, பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். 'இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்ற நினைப்பு பலருக்கும் வரும். அது கொடூரம் அல்ல, களைப்பு. 'நான் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடவேண்டும்.

ஊர்ப் பாராட்டும் இதில் ஒரு பூட்டு என்பேன். 'மருமகள்னா இவதான்' என்று பேர் வாங்கியவர், 'என்னால் முடியவில்லை' என்று எப்படிச் சொல்வார்?

சொல்ல முடியாத பாரம் என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வருகிறது. இதே ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். பெற்ற பிள்ளையை அங்கே எப்படி விட்டார்கள் என்று கேட்பது சுலபம். விடுவதற்கு முன் எத்தனை வருடம் தனியாகத் தாங்கினார்கள் என்பதையும் கேட்கவேண்டும்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்ட ஊழியர் மாமனாருக்குப் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வந்தால், நீங்களும் கையை நீட்டுங்கள். தூக்கம் இல்லாததையும் சொல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416: இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். மருத்துவர் தரும் மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நான்கே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து போன் போடுபவர் 'அப்பா எப்படி இருக்கார்' என்பதோடு 'நீ தூங்கினியா' என்றும் கேட்கலாம். மதுரையில் இருக்கும் கொழுந்தனார் வாரத்தில் ஒரு டயாலிசிஸ் நாளை ஏற்றுக்கொள்ளட்டும். மாத்திரை நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓய்வெடுக்கப் போனவருக்கே பத்து போன் வரும்.