வீட்டுக் கணக்கெல்லாம் ஒரே கொப்பியில்



ஒரு வீட்டின் கணக்குவழக்கு யாருடைய தலையில் இருக்கிறது? இளைய மகனுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது, மாமியின் பிரஷர் குளிசை எத்தனை மில்லிகிராம், பக்கத்து வீட்டு ராத்தா கைமாற்றாக வாங்கிய 5,000 ரூபா, சீட்டுப் பணம் கட்டவேண்டிய திகதி... இத்தனையையும் மனதில் சுமப்பவள் இல்லத்தரசிதான். அவள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் வீடே தடுமாறிப் போகிறது.

இவற்றைக் கலண்டர் ஓரத்திலும் பிள்ளைகளின் பழைய கொப்பிகளிலும் எழுதி வைப்போம். தேவைப்படும் நேரத்தில் அந்தக் கொப்பிதான் கிடைக்காது. வாட்ஸ்அப்பும் யூடியூபும் பார்க்கும் அதே கையடக்கத் தொலைபேசியை ஒரு குறிப்புக் கொப்பியாகவும் நாம் பயன்படுத்தலாமே!

மார்க்கம் காட்டிய வழி

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியே அது பேசுகிறது. தொகை சிறியதானாலும் எழுதுவதில் சலிப்படையக் கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது. வஸிய்யத் செய்யவேண்டிய ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். ஆகவே, எழுதி வைப்பதை வெறும் வசதியாக மட்டும் நாம் எண்ணிவிடக் கூடாது.

எப்படித் தொடங்குவது?

குறிப்பெழுதும் செயலிகள் பல உண்டு. புதிதாகப் பழகுபவருக்கு இலகுவானது ‘கூகுள் கீப்’. 2013இல் வெளிவந்த இது இலவசமானது. அண்ட்ரொய்ட் தொலைபேசியில் இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் தேடி இறக்கிக் கொள்ளுங்கள். ஐபோனுக்கும் உண்டு. உங்கள் ஜிமெயில் கணக்கே இதற்கும் போதும்.

திறந்ததும் கீழே வலது மூலையில் கூட்டல் குறி தெரியும். அதைத் தொட்டால் எழுத்து, பட்டியல், படம் எனப் பல வழிகள் வரும். தலைப்பிட்டு எழுதுங்கள், தானாகவே சேமிக்கப்படும். தமிழில் தட்டெழுதச் சிரமமாக இருந்தால், ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் அடையாளத்தை அழுத்திப் பேசுங்கள். பேசியது எழுத்தாக வரும். பெயர்களையும் எண்களையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

முதல் நாளே எல்லாவற்றையும் எழுதப் போனால் களைத்து விடுவீர்கள். மூன்று குறிப்புகளோடு தொடங்குங்கள்.

1. கடனும் அமானிதமும்: கொடுத்தது, வாங்கியது, பிறர் நம்மிடம் வைத்தது. பெயர், தொகை, திகதி மூன்றும் இருக்கட்டும். இதை மேலே ‘பின்’ செய்து வையுங்கள். எப்போதும் முதலில் தெரியும்.

2. கழா நோன்பு: ரமழானில் விடுபட்ட நோன்புகளை ஒவ்வொரு வரியாகப் பட்டியலிடுங்கள். நோற்றதும் கட்டத்தில் சரி அடையாளம் இடுங்கள். மீதி எத்தனை என்பது கண்முன்னே நிற்கும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தமது விடுபட்ட நோன்புகளை ஷஃபானில் நோற்றதாக ஹதீஸில் வருகிறது. அடுத்த ரமழான் வரும்வரை மறந்திருந்து தவிக்கும் நிலை நமக்கு வேண்டாம்.

3. மருந்தும் கிளினிக்கும்: மருந்துச் சீட்டைப் படம்பிடித்து, மருந்தின் பெயரையும் அளவையும் கீழே எழுதுங்கள். அடுத்த கிளினிக் திகதிக்கு நினைவூட்டல் வைத்தால் தொலைபேசியே உங்களை அழைக்கும்.

ஸக்காத் திகதிக்கும் நினைவூட்டல் வைக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. “ஒவ்வொரு வருடமும் இதே நாளில்” என்று வைத்துவிட்டால், வருடா வருடம் ஸக்காத் 11 நாட்கள் பிந்திக்கொண்டே போகும். எனவே பிறைத் திகதியைக் குறிப்பில் எழுதி, ஆண்டுதோறும் நினைவூட்டலைப் புதிதாக வையுங்கள்.

சாமான் பட்டியலைக் கணவரின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்துப் பகிரலாம். நீங்கள் அடுப்படியில் நின்று “தேங்காய் எண்ணெய்” என்று எழுதினால், கடையில் நிற்கும் அவரது தொலைபேசியில் அது தெரியும். அவர் கட்டாரில் இருந்தாலும் வீட்டுச் செலவுக் கணக்கை இப்படியே பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

வங்கிக் கடவுச்சொல், ஏ.டி.எம். இரகசிய எண் என்பவற்றை இதில் எழுதவே வேண்டாம். பிள்ளைகளும் எடுக்கும் தொலைபேசியாயின் திரைப்பூட்டு அவசியம். குடும்ப இரகசியங்களும் ஓர் அமானிதமே.

முடிந்துபோன குறிப்பை அழிக்காமல் ‘ஆவணக் காப்பகத்துக்கு’ அனுப்புங்கள். அழித்தது குப்பைத் தொட்டியில் 7 நாட்களே இருக்கும். பின்னர் திரும்பக் கிடைக்காது. தொலைபேசி தொலைந்தாலும் குறிப்புகள் தொலையா. வேறொரு தொலைபேசியில் அதே கணக்கைத் திறந்தால் வந்துவிடும். ஆனால் ஜிமெயில் கடவுச்சொல்லை மறந்தால் சிரமம். அதை ஒரு தாளில் எழுதிப் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. தொலைபேசிக் குறிப்பு நமது ஞாபகத்துக்கு உதவுமே தவிர, சாட்சியாகாது. அதை யாரும் எந்நேரமும் மாற்றி எழுதலாம். பெரிய தொகை என்றால், சாட்சிகளோடு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, அதன் படத்தை மட்டும் இங்கே வையுங்கள். வஸிய்யத்துக்கும் இதே முறைதான்.

உங்கள் குறிப்புகள் எங்கே இருக்கின்றன என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லியும் வையுங்கள். மௌத் நம் எவரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை. நம் கடன் எவ்வளவு என்று தெரியாமல் பிள்ளைகள் தடுமாறும் நிலையை நாம் விட்டுச் செல்லலாமா?

இன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, முதலாவது குறிப்பை எழுதுங்கள். பிறருடைய உரிமைகளைப் பேணி, பொறுப்புகளை நிறைவேற்றியவர்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.