உடலறிவும் கருவியறிவும்

மனிதன் தன்னைச் சூழ்ந்துள்ள பொருள்களை அறிந்துகொண்ட அளவுக்குத் தன் உடலை அறிந்துகொள்ளவில்லை என்பர். பெண்களைப் பொறுத்தவரையில் இக்கூற்றில் மிகை சிறிதும் இல்லை. தையல் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சொல்லக்கூடிய பெண்கள் பலர் உளர். தம் பிறப்புறுப்பின் பகுதிகளுக்குப் பெயர் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. அப்பகுதிகளுக்கு நம் பேச்சில் வழங்கும் பெயர்களோ பெரும்பாலும் வசைச் சொற்கள். பெயர் சொல்லவே நாக்கூசும் உறுப்பில் நோய் வந்தால், அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது எங்ஙனம்?

நான் ஐதராபாத்தில் பாலாநகரில் தங்கி, அச்சு வடிவமைப்புப் பயின்று வருகிறேன். பாலாநகர் கருவிகளின் ஊர். 1968-இல் இந்திய அரசு ஐக்கிய நாடுகளின் துணையோடு தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இங்கேதான் உள்ளது. லேத்துப் பட்டறைகளுக்கும் பிளாஸ்டிக் வார்ப்புக் கூடங்களுக்கும் குறைவில்லை. இத்தொழிலைக் கற்பவர் எந்தப் பொருளைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழகிவிடுவர். இஃது எதற்காகச் செய்யப்பட்டது? எதனால் செய்யப்பட்டது? பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? வயது வந்த பெண்கள் தம் பாலின்பத்துக்காகப் பயன்படுத்தும் கருவிகளையும், 'செக்ஸ் டாய்' என்று இன்று பலரும் அழைக்கும் பொருள்களையும், இம்மூன்று கேள்விகளாலேயே அளந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் உடலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெண்ணின் பாலின்ப உணர்வுக்கு மையமான உறுப்பு கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது அதன் சிறு நுனியே. பெரும்பகுதி உள்ளே, யோனியின் இருபுறமும் கிளைத்து நிற்கிறது. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் 1998-இல் தம் ஆய்வை வெளியிட்ட பின்னரே இதன் முழு அமைப்பு மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. மனிதன் நிலவில் கால் வைத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்! இவ்வுறுப்பில் 8,000 நரம்பிழைகள் உண்டு என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். அந்த எண் கால்நடைகளை ஆராய்ந்ததிலிருந்து வந்தது. 2022-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் மனிதத் திசுவிலேயே எண்ணிப் பார்த்தபோது அது பத்தாயிரத்துக்கும் மேல் என்று தெரிந்தது.

இந்த அமைப்பை அறிந்தால் வேறொன்றும் விளங்கும். அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் கேட்டு 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புணர்ச்சி ஒன்றினாலேயே உச்ச இன்பம் கிட்டுகிறது என்றவர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. மற்றவர்களிடம் குறை ஏதும் இல்லை. உடலின் அமைப்பே அப்படி. இதை அறியாமல், "எனக்கு ஏதோ கோளாறு" என்று வருந்தும் மனைவியரும், "இவளுக்கு என்மேல் அன்பில்லை" என்று மயங்கும் கணவரும் எத்தனை பேர்!

இனி முதற் கேள்விக்கு வருவோம். இக்கருவிகள் எதற்காக? அதிர்வுக் கருவியின் பிறப்பைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் பெண்களின் 'ஹிஸ்டீரியா' நோய்க்கு மருந்தாக இதைக் கண்டுபிடித்தனர் என்பது அக்கதை. 1999-இல் வந்த ஒரு நூலால் அது பரவியது. ஆனால் 2018-இல் இரு வரலாற்றாசிரியர்கள் அந்நூலின் சான்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினர். 1880-களில் மின் அதிர்வுக் கருவியை உருவாக்கிய ஆங்கில மருத்துவர் மார்ட்டிமர் கிரான்வில் அதைத் தசைவலிக்கும் நரம்புவலிக்குமே பயன்படுத்தினார். பெண்களுக்கு அதைப் பயன்படுத்துவதைத் தாம் தவிர்த்ததாகவும் எழுதியுள்ளார். பின்னர் அதற்கு வேறு பயன் உண்டு என்று கண்டவர்கள், வாங்கியவர்களே ஆவர். மேலும், இது மேலை நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர், வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் பொன், வெள்ளி, தந்தம், மரம் முதலியவற்றால் ஆன இன்பக் கருவிகளைப் பற்றிப் பேசுவதை மறந்துவிடுகின்றனர்.

தன் உடலைத் தானே தொட்டு அறிதல் நோய் தரும், நரம்பைத் தளர்த்தும் என்பது பழைய அச்சம். நம் ஊர்ச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்கள் ஆண்களுக்காக ஒட்டிய சுவரொட்டிகள் அந்த அச்சத்தை விற்றே பிழைத்தன. மருத்துவம் அதற்கு ஆதாரம் எதையும் காணவில்லை. 1953-இல் கின்சி வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட அமெரிக்கப் பெண்களுள் 62 விழுக்காட்டினர் தற்புணர்ச்சியை அறிந்தவர்களாக இருந்தனர். 'கன்னித்திரை'யைக் கொண்டு ஒரு பெண்ணின் கற்பை அளக்க முடியாது என்பதும் மருத்துவ உண்மையே. கன்னிமைச் சோதனைகளை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. ஆகவே, ஒரு பெண் தனிமையில் தன் உடலை அறிவது பழியும் அன்று, பிணியும் அன்று. எது இதமானது, எது வலிக்கிறது என்று தனக்கே தெரிந்தவள்தான் அதைத் துணைவனிடம் சொல்ல முடியும். வேண்டாம் என்பதையும் அவளால்தான் தெளிவாகச் சொல்ல முடியும்.

இன்பத்துக்கு மட்டுமே இக்கருவிகள் என்று எண்ணுவதும் பிழை. யோனித் தசைகள் தாமாக இறுகி வலியைத் தரும் 'வஜைனிஸ்மஸ்' என்னும் நிலைக்கு, சிறியதிலிருந்து பெரியதாக அளவிட்டுச் செய்த விரிப்பான்களை மருத்துவர்கள் தருகின்றனர். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு யோனி சுருங்கிவிடாமல் காக்கவும் அவையே பயன்படுகின்றன. நம் நாட்டுப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுகளுள் அஃது ஒன்று. உயிர் பிழைத்த பெண்ணிடம் இதைச் சொல்ல மருத்துவரும் கூசி, கேட்க அவளும் கூசினால், இழப்பு யாருக்கு?

இரண்டாம் கேள்வி, எதனால் ஆனது என்பது. என் விடுதித் தோழி ஒருத்தி 'மசாஜர்' என்ற பெயரில் மலிவாக விற்ற ஒன்றை வாங்கினாள். உறையைப் பிரித்ததும் பிளாஸ்டிக் நெடி. சில நாளில் எரிச்சலும் தடிப்பும் கண்டன. மருத்துவரிடம் சென்றாள். அவர் கேட்ட முதற் கேள்வி, "கல்யாணம் ஆயிற்றா?" என்பதே. அதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை; ஏதோ ஒரு களிம்புடன் திரும்பினாள். அந்தப் பொருளை என்னிடம் காட்டியபோது, தொட்டவுடன் புரிந்தது. பிசுபிசுப்பான மென்பிளாஸ்டிக், என்ன கலவை என்று உறையில் ஒரு சொல்லும் இல்லை.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை மென்மையாக்கத் தாலேட் போன்ற எண்ணெய்ப் பொருள்களைக் கலப்பர். அவை நாளடைவில் கசிந்து வெளிவரும். 'ஜெல்லி' என்று விற்கும் மென்பொருள்கள் பலவற்றில் நுண்துளைகள் உண்டு. அவற்றுள் கிருமி தங்கினால் கழுவிப் போக்க முடியாது. தூய சிலிக்கோனோ துளையற்றது, வெப்பம் தாங்குவது. மின்பகுதி இல்லாத சிலிக்கோன் கருவியை நீரில் கொதிக்க வைத்தே தூய்மை செய்யலாம். கண்ணாடியும் துருவேறா எஃகும் அத்தகையனவே. சிலிக்கோன் கருவியோடு நீர் சார்ந்த வழவழப்புப் பசையே ஏற்றது. தேங்காயெண்ணெய் முதலிய எண்ணெய்கள் ரப்பர் ஆணுறையை நைந்துபோகச் செய்யும். கருவியைப் பிறரோடு பகிர்தல் கூடாது. பயன்படுத்தும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வலியோ குருதியோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.

மூன்றாம் கேள்வி, பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பது. அடிப்பாகம் அகன்றிராத கருவி மலக்குடலுள் சென்று சிக்கினால் அறுவை வரை போகும். இத்தகைய தீங்குகளைத் தடுக்கவே ஐ.எஸ்.ஓ. என்னும் உலகத் தர அமைப்பு 2021-இல் 3533 என்ற எண்ணில் இக்கருவிகளுக்கென ஒரு தரவிதியை வெளியிட்டது. நம் நாட்டில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிள்ளை வாயில் வைக்கும் பொம்மையில் நச்சு இருத்தலாகாது என்று கருதினோம், நன்று. அப்பிள்ளையின் தாய்க்கு அக்கவலை வேண்டாவோ?

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. ஆபாசப் பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் சுங்க அறிவிக்கை ஒன்று 1964 சனவரியில் வெளிவந்தது. இன்பக் கருவி எதையும் அதன்கீழ் அடக்கிவிடும் வழக்கம் ஏற்பட்டது. 2011-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், ஒரு பொருள் பாலுணர்வைச் சார்ந்தது என்பதாலேயே ஆபாசமாகிவிடாது என்ற நோக்கில் தீர்ப்பளித்தது. மும்பையில் சுங்கத்துறை உடல் மசாஜர்கள் சிலவற்றைப் பறிமுதல் செய்த வழக்கில், 2024 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதிகாரியின் முடிவை ஏற்கவில்லை. வேறு விதமாகவும் பயன்படக்கூடும் என்பது அவரது கற்பனையே என்றும், அப்பொருள்கள் உள்நாட்டுச் சந்தையில் விற்கப்படுவனவே என்றும் சுட்டியது.

தீர்ப்பு நல்லதே. ஆயினும் நினைத்துப் பாருங்கள்: பொருள் தப்பியது, அது 'மசாஜர்' என்ற பெயரால். உண்மைப் பெயரைச் சொல்ல இயலாத பொருளுக்கு உண்மையான சோதனை எப்படி நடக்கும்? தோள்வலிக்கு என்று விற்கப்படுவதன் பிளாஸ்டிக்கைத் தோலுக்கு ஏற்றதா என்றுதான் சோதிப்பர். வாங்கியவளும் கடைக்காரரிடம் சென்று முறையிட மாட்டாள். ஏமாற்றுவோருக்கு வெட்கத்தைவிடச் சிறந்த காவலன் வேறு யார்?

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. எல்லாப் பெண்களும் இக்கருவிகளை வாங்க வேண்டும் என்பதன்று என் கருத்து. விரும்புவோர் கொள்வர், விரும்பாதோர் விடுவர். பாலாநகரில் ஒரு போல்ட்டை வாங்கினாலும் அஃது எந்த எஃகு என்று கேட்கிறோம். உடலுக்குள் செல்லும் பொருளைப் பற்றியும் அவ்வாறே கேட்கும் துணிவு வேண்டும். மருத்துவம் பயிலும் நண்பர்கள் "கல்யாணம் ஆயிற்றா?" என்பதற்கு முன் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கப் பழக வேண்டும். தமிழ் பயிலும் நண்பர்கள் இவ்வுறுப்புகளுக்குக் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய நல்ல சொற்களை ஆக்கித் தர வேண்டும். சொல் இருந்தால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் மறுமொழி ஒருநாள் வந்தே தீரும்.