பாதியில் கரையும் பி.எஃப். பணம்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு முதுமைக்கென்று சேரும் பெரிய தொகை தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிதான். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் இத்திட்டத்தைப் பேச்சு வழக்கில் பி.எஃப். என்கிறோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதத்தைத் தொழிலாளி செலுத்துகிறார். நிறுவனமும் அதே 12 சதவீதத்தைச் செலுத்துகிறது.

நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதில், சம்பளத்தின் 8.33 சதவீதம் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிகிறது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின்படி அந்தத் தொகை மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். சம்பளம் 15,000 ரூபாய் என்றால் தொழிலாளியின் 1,800 ரூபாயும் நிறுவனத்தின் 550 ரூபாயுமாக மாதம் 2,350 ரூபாய் பி.எஃப். கணக்கில் ஏறும். ஓய்வூதியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கடைசிக் காலச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதே அதன் கணக்கு. 15,000 ரூபாய்க்கு 35 பணியாண்டு என்றாலும் வருவது 7,500 ரூபாய்தான். ஆகவே முதுமைக்குக் கைகொடுக்க வேண்டியது பி.எஃப். இருப்பே.

அந்த இருப்புதான் வேலை மாறும்போதெல்லாம் கரைகிறது. பழைய நிறுவனத்துக் கணக்கில் இரண்டு மூன்று லட்சம் இருக்கும். வண்டி வாங்கவோ, நகைக்கடனை அடைக்கவோ, வீட்டு விசேஷத்துக்கோ அது எடுக்கப்பட்டுவிடும். எடுத்தது சின்னத் தொகை என்றே தோன்றும். 2024-25இல் வழங்கப்பட்ட 8.25 சதவீத வட்டியே நீடிக்கிறது, சம்பளமும் உயரவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால் உண்மை தெரியும். மாதம் 2,350 ரூபாய் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 34.7 லட்சமாகிறது. முதல் பத்தாண்டு முடிவில் கணக்கில் இருப்பது சுமார் 4.3 லட்சம். அதை எடுத்துவிட்டு, அடுத்த 20 ஆண்டுகள் மாதம் தவறாமல் செலுத்தினாலும் கடைசியில் மிஞ்சுவது சுமார் 13.8 லட்சம் மட்டுமே. எடுத்த 4.3 லட்சத்துக்குக் கொடுத்த விலை கிட்டத்தட்ட 21 லட்சம். கூட்டுவட்டி தன் பெரிய வேலையைக் கடைசி ஆண்டுகளில்தான் செய்கிறது. அந்த ஆண்டுகளில் வளர வேண்டிய பணத்தை முப்பது வயதிலேயே செலவழிப்பதுதான் இந்த நடைமுறையின் கொடுமை.

வரியும் இதில் குறுக்கிடும். ஐந்து ஆண்டு தொடர்பணி நிறைவதற்குள் பணத்தை எடுத்தால், நிறுவனத்தின் பங்கும் மொத்த வட்டியும் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்க்கப்படும். தொழிலாளி தன் பங்குக்கு முன்பு வரிக்கழிவு பெற்றிருந்தால் அதுவும் வரிக்கு உட்படும். உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் மூடப்பட்டதாலோ வேலை போனவர்களுக்கு விலக்கு உண்டு. எடுக்காமல் புதிய நிறுவனத்துக் கணக்குக்கு மாற்றிவிட்டால் பழைய பணிக்காலமும் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் சேரும். 2014இல் வந்த யுஏஎன் எனும் பொதுக் கணக்கு எண் வேலை மாறினாலும் மாறாது என்பதால், இடமாற்றக் கோரிக்கையை இணையத்திலேயே கொடுக்கலாம். எடுக்காமல் மாற்றுவதன் பயன் ஓய்வூதியக் கணக்குக்கும் பொருந்தும்: மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும், இடையில் அந்தப் பணத்தை எடுத்தவர் மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

பி.எஃப். வசதி இல்லாத கடைக்காரர், தையல் தொழிலாளி, சொந்த ஆட்டோ ஓட்டுபவர் போன்றோருக்கு 1968இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதி (பிபிஎஃப்) இருக்கிறது. அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். காலம் 15 ஆண்டுகள். விரும்பினால் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாக்கப்பட்ட வட்டிக்கு வரி கிடையாது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் கட்டியவருக்கு அந்த ஆண்டுக்கு 10,650 ரூபாய் வட்டி வரும். மார்ச் கடைசியில் அவசரமாகக் கட்டியவருக்கு அந்த ஆண்டில் ஒன்றும் வராது. கடனுக்காக இந்தக் கணக்கை நீதிமன்றம் முடக்க முடியாது என்பது சிறுதொழில் செய்பவர்களுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு.

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முதலீட்டைத் தேர்ந்தெடுப்பது தவறு. வரி போக என்ன மிஞ்சுகிறது என்பதே முக்கியம். ஏழு சதவீத நிரந்தர வைப்பில் பணம் போட்டவர் 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 சதவீதம் போய், கையில் நிற்பது 4.8 சதவீதம். பிபிஎஃப் தரும் 7.1க்கு ஈடாக வங்கி அவருக்கு 10.3 சதவீதம் தர வேண்டியிருக்கும். வரியே கட்டத் தேவையில்லாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வரி செலுத்த வேண்டியதில்லை. அவருக்கு நிரந்தர வைப்பின் வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்கினால் வரியில்லை. ஆகவே அரசு உத்தரவாதம், நீண்ட காலப் பூட்டு இவற்றையே அவர் எடைபோட வேண்டும். புதிய முறையில், சேமிப்பு முதலீடுகளுக்கான ஒன்றரை லட்சம் வரையிலான 80சி கழிவும் கிடையாது. வரியை மிச்சப்படுத்தவே ஆண்டுக் கடைசியில் பாலிசி எடுத்து வந்த குடும்பங்கள் அந்தப் பழக்கத்தைக் கைவிட இதைவிட நல்ல தருணம் இல்லை.

இன்னொன்றையும் உறுப்பினர்கள் உடனே கவனிக்க வேண்டும். பி.எஃப். திட்ட விதிப்படி, திருமணத்துக்கு முன் செய்த வாரிசு நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாக நியமிக்க வேண்டும். இன்னும் செய்யாதவர்கள் இந்த வாரமே பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் மின் நியமனத்தை முடித்துவிடுங்கள்.